வைக்கிங் படத்தில் குதிரையைப் பார்ப்பது எப்படி

நான் கோலாலம்பூரில் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறவன். அப்பா சைஸ், அதாவது லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் ஆள். இன்று இரட்டைக் கோபுரம் நிற்கிற அம்பாங் சாலை நிலத்தில் பந்தயத் திடல் இருந்த காலத்தில் அங்கே குதிரை பார்த்தவர். திடல் சுங்கை பீசிக்குப் போன பிறகும் எங்கள் வீட்டில் பேச்சு குதிரைதான். அதனால் திரையில் ஒரு குதிரை வந்தால் என் கண் நடிகரிடம் போகாது. குளம்பில் போய் நிற்கும். செந்தூலில் இருக்கும் அக்கா மகனுக்கு வைக்கிங் படம், வைக்கிங் தொடர் என்றால் உயிர். "மாமா, நிஜமாவே இப்படித்தான் இருந்திருப்பாங்களா?" என்று அவன் கேட்கக் கேட்க, எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று எனக்குள் ஒரு முறை அமைந்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன். குதிரையைத் தொட்டே பார்க்காதவரும் இதைச் செய்யலாம். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிந்தால் போதும்.

வைக்கிங் என்றால் ஆயிரம் ஆண்டுக்கு முன் நார்வே, டென்மார்க், சுவீடன் பக்கமிருந்து கடலோடிக் கொள்ளையடித்தவர்கள், குடியேறியவர்கள். அவர்கள் பெயரைச் சொன்னதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது கப்பல். கப்பல் கரைவரைக்கும்தான் வரும். கரையிலிருந்து மடாலயத்துக்கும் சந்தைக்கும் அரசனின் ஊருக்கும், எதிரி ஆள் திரட்டுவதற்குள் போய்ச் சேர வைத்தது குதிரை. 865இல் இங்கிலாந்தில் இறங்கிய பெரும்படை கிழக்கு ஆங்கிலியாவில் குளிர்காலத்தைக் கழித்தது. அந்த நாட்டார் சமாதானம் பேசினார்கள். படை அங்கேயே குதிரைகளைப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலேயரின் பழைய ஆண்டுக்குறிப்பிலேயே இது இருக்கிறது. 866இல் யார்க் நகரம் அவர்கள் கையில் விழுந்தது. அந்தக் குதிரைகளை எடுத்துவிட்டால் யார்க் கதையே புரியாது. வைக்கிங்குகள் ஏன் ஜெயித்தார்கள் என்பதை ஒரு படம் புரிந்துகொண்டதா இல்லையா என்று குதிரையை வைத்தே சொல்லிவிடலாம். அதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெடல்.

முதலில் ஆண்டும் இடமும்

படம் தொடங்கியதும் கதை நடக்கும் ஆண்டையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடாலயம் தாக்கப்பட்ட 793இலிருந்து நார்மன்கள் இங்கிலாந்து மேல் படையெடுத்த 1066வரை என்று வைத்தால் அந்தக் காலம் இருநூற்றெழுபது ஆண்டுக்கு மேல். அதற்குள் சேணம் மாறியது, அங்கவடி (ஏறியவர் பாதம் வைக்கும் வளையம்) பரவியது, சண்டை போடும் முறையே சில இடங்களில் மாறியது. 800இல் நார்வேயில் தவறாக இருப்பது 970இல் டென்மார்க்கில் சரியாக இருக்கலாம். ஆண்டு தெரியாமல் குறை சொல்வது படம் எடுத்தவருக்குச் செய்யும் அநியாயம்.

உயரம்

நடிகர் குதிரைக்குப் பக்கத்தில் தரையில் நிற்கிற காட்சி ஒன்று நிச்சயம் வரும். அங்கே நிறுத்துங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். குதிரையின் உயரத்தை அளப்பது அந்த மேடுவரைதான். தலைவரை அளக்கக் கூடாது. வைக்கிங் காலக் குதிரை எலும்புகளை அளந்தால் பெரும்பாலானவை 125 முதல் 145 சென்டிமீட்டருக்குள் வரும். அதாவது அந்த மேடு நடுத்தர உயரமுள்ள ஆணின் அக்குள் அளவுக்கு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்க வேண்டும். சுங்கை பீசியில் ஓடுகிற பந்தயக் குதிரை 160ஐத் தாண்டும். மேடு மூக்குக்கு நேராக வந்துவிடும். திரையில் அப்படித் தெரிந்தால் அது அந்தக் காலத்துக் குதிரை இல்லை.

காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. ஏறி உட்கார்ந்தவரின் பாதம் குதிரையின் வயிற்றுக் கோட்டுக்குக் கீழே தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் குதிரை சின்னது, சரியானது. தொங்காமல் விலாவிலேயே நின்றுவிட்டால் குதிரை பெரிது.

திரையில் அதிகம் வருவது கரேலென்று, பிடரி மயிர் தோளுக்குக் கீழே புரளுகிற, கால் மூட்டுக்குக் கீழே முடி அடர்ந்த குதிரை. அது பிரீசியன் என்ற இனம். பார்க்க அவ்வளவு அழகு. பழக்குவதும் சுலபம், அதனால் படக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் இன்று நாம் பார்க்கும் அந்த உருவம் பின்னாளில் வளர்த்தெடுத்தது. பந்தயக் குதிரைக்கும் இதே கதைதான். அந்த இனமே 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த மூன்று கீழைநாட்டு ஆண்குதிரைகளின் வழியில் வந்தது. வைக்கிங் தலைவன் அதில் ஏறி வந்தால் எட்டு நூற்றாண்டு முன்னால் ஓடிவிட்டான்.

சின்னக் குதிரையில் பெரிய வீரன் உட்கார்ந்தால் கம்பீரம் குறையும் என்று இயக்குநர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. ஐஸ்லாந்துக் குதிரை 130, 140 சென்டிமீட்டர்தான். முழு ஆளைச் சுமந்துகொண்டு கல்லும் சேறும் ஆறும் தாண்டி நாள் முழுக்கப் போகும். மார்பு அகலம், கால் எலும்பு தடிமன். கம்பீரத்துக்கு அது போதும்.

குளம்பு

என் தொழில் என்பதால் இங்கே கொஞ்சம் அதிகம் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைக்கிங் காலத்து வட நாடுகளில் ஆணி அடித்த இரும்பு லாடம் வழக்கமான பொருள் இல்லை. குதிரைகள் வெறுங்குளம்போடு நடந்தன. தார்ச் சாலை கிடையாது. மண், புல், பனி. நல்ல குளம்புக்கு அதில் லாடம் தேவையே இல்லை. எங்கள் லாயத்திலும் மண்ணிலும் மணலிலும் மட்டும் நடக்கிற சில குதிரைகளுக்கு லாடம் இல்லாமலே வைத்திருக்கிறோம். சீவி விட்டால் போதும், குளம்பு இறுகிக்கொள்கிறது.

பனிக்காலத்தில் மட்டும் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். உறைந்த ஏரியிலும் ஆற்றிலும் வழுக்காமல் இருக்கக் குளம்பில் கூர்முனை வைத்த இரும்பு முள்ளைப் பொருத்தினார்கள். சுவீடனில் பிர்கா என்ற பழைய வணிக ஊரின் கல்லறைகளில் அந்த முட்கள் கிடைத்திருக்கின்றன. வடக்கே உறைந்த ஆறுதான் குளிர்காலத்தின் நெடுஞ்சாலை. ஒரு படத்தில் பனியில் குதிரை போகும்போது அந்த முள்ளைக் காட்டினால், அந்தப் படக்குழுவில் யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று நான் எழுந்து நின்று கும்பிடுவேன்.

திரையில் லாடத்தைக் கண்டுபிடிக்க மூன்று இடம் இருக்கிறது. ஒன்று, குதிரை கேமராவைத் தாண்டி ஓடும்போது பின்காலின் அடி ஒரு கணம் மேலே திரும்பும். அங்கே வெள்ளியாக ஒரு மின்னல் தெரிந்தால் லாடம். இரண்டு, கால் அசையாமல் நிற்கும் காட்சியில் குளம்பின் வெளிச்சுவரில், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அடித்த ஆணியின் நுனியை மடக்கிய இடம் அது. மூன்று, கடற்கரை ஈரமணலில் விழும் தடம். வெறுங்குளம்பு பதிந்தால் நடுவில் முக்கோணமாக ஒரு மெத்தைப் பகுதி தெளிவாக விழும். விளிம்பு மழுங்கலாக இருக்கும். லாடத்தடம் என்றால் விளிம்பு வெட்டியது மாதிரி கூர்மையாக, வளைவாக விழும்.

சத்தத்தை நம்ப வேண்டாம். குளம்போசையைப் பிறகு அறையில் உட்கார்ந்து சேர்க்கிறார்கள். புல்லில் நடக்கும் குதிரைக்குக் கல்லில் நடக்கும் ஓசை வரும். அது ஒலிக்காரரின் பிழை. குதிரை மேல் பழி போடாதீர்கள்.

தூரத்துக் காட்சியில் லாடம் தெரிந்தால் நான் மன்னித்துவிடுவேன். படப்பிடிப்புக் குதிரைகள் தார்ச் சாலையிலும் நடக்க வேண்டும், குளம்பு தேயும். ஆனால் கேமராவைக் குளம்புக்கு அருகில் கொண்டுபோய், 800ஆம் ஆண்டு என்று சொல்லிக்கொண்டு, பளபளக்கும் எஃகு லாடத்தைக் காட்டுகிறவரை மன்னிக்க எனக்கு மனம் வராது. அந்த ஒரு காட்சிக்கு மட்டும் லாடத்தைக் கழற்றி மறுநாள் மாட்டுவது என் மாதிரி ஆளுக்கு அரைநாள் வேலை.

நடை

எல்லாக் குதிரையும் நடக்கும், துள்ளும், பாயும். சில குதிரைகளுக்கு மட்டும் இன்னொரு நடை கூடவே பிறக்கிறது. நான்கு காலும் தனித்தனியாக, சம இடைவெளியில் தரை தொடும். எந்த நேரமும் ஒரு காலாவது தரையில் இருக்கும். ஏறியவர் குலுங்கவே மாட்டார். ஐஸ்லாந்தில் அதை டோல்ட் என்கிறார்கள். திருவிழாக்களில் கையில் நிறைந்த பீர் கோப்பையை ஏந்திக்கொண்டு சிந்தாமல் ஓட்டிக் காட்டுவார்கள்.

இந்த நடைக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2012இல் கண்டுபிடித்தார்கள். 2016இல் பழைய எலும்புகளில் அதைத் தேடினார்கள். அதில் தெரிந்தவரை மிகப் பழைய சுவடு 850க்கும் 900க்கும் இடைப்பட்ட யார்க் நகரத்துக் குதிரைகளில் கிடைத்தது. ஐஸ்லாந்தின் ஆரம்ப காலக் குதிரைகளில் சோதித்த 13இல் 10க்கு அது இருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பிய நிலப்பகுதிக் குதிரைகளில் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் கண்ட சொகுசான குதிரைகளை வட நாட்டார் விரும்பி ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள் என்பது ஆய்வாளர் முடிவு. அந்த யார்க்தான் வைக்கிங்குகள் 866இல் பிடித்த யார்க்.

திரையில் பார்க்கும் வழி: ஏறியவரின் தலையைத் தொடுவானத்தோடு ஒப்பிடுங்கள். தலை மேலும் கீழும் எகிறினால் சாதாரணத் துள்ளல். தலை ஒரே மட்டத்தில் வழுக்கிக்கொண்டு போக, கீழே கால்கள் மட்டும் வேகமாக அடித்தால் டோல்ட். கதை ஐஸ்லாந்தில் நடந்து, ஒருவர்கூட இப்படிப் போகவில்லை என்றால் அது பெரிய குறை.

வாயும் முதுகும்

படங்களில் வைக்கிங் குதிரையின் சாமான் எல்லாம் அழுக்குப் பழுப்புத் தோல், பிய்ந்த கயிறு, மேலே ஒரு ஆட்டுத்தோல். ஏழ்மையாகக் காட்டினால் பழமையாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள். கல்லறைகள் வேறு சொல்கின்றன. சுவீடனின் காட்லாந்து தீவில் புரோவா என்ற இடத்தில் கிடைத்த கடிவாளப் பட்டிக்கான அணிகள் பொன்முலாம் பூசிய வெண்கலம். காலம் கிட்டத்தட்ட 800. டென்மார்க்கில் ஃப்ரெகர்ஸ்லெவ் என்ற ஊரில் 2012இல் கண்டெடுத்த கல்லறையில் 950ஐ ஒட்டிய காலத்துக் கடிவாளம், அதே மாதிரி மின்னும் அணிகளோடு. தலைவனின் குதிரை வெயிலில் பளபளத்துக்கொண்டு வந்திருக்கும். ஒரு படத்தில் குதிரையின் நெற்றியில் பொன்னிறம் தெரிந்தால், "சினிமா ஜிகினா" என்று தள்ளிவிடாதீர்கள், அதுதான் சரி.

வாய்க்கம்பி பெரும்பாலும் எளிமையானது: நடுவில் மூட்டு, இரண்டு பக்கமும் வளையம். சேணம் மரச்சட்டம் வைத்தது. திரையில் ஆட்டுத்தோல் விலகும்போது அடியில் வழவழப்பான ஆங்கிலேயச் சேணத்தின் மடல் தெரிகிறதா என்று கவனியுங்கள். பல படங்களில் தெரியும்.

அங்கவடிக்குத்தான் ஆண்டு முக்கியம். ஐரோப்பாவுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் கிழக்கிலிருந்து வந்த அவார் என்ற புல்வெளி மக்கள். வடக்கே அது பரவலாகத் தெரிவது பத்தாம் நூற்றாண்டில்; டென்மார்க்கின் குதிரைவீரர் கல்லறைகளில் அங்கவடி, குதிமுள் (குதிரையை முடுக்கக் குதிகாலில் கட்டும் முள்), கடிவாளம் மூன்றும் சேர்ந்தே கிடைக்கின்றன. 793 கதையில் ஒவ்வொரு விவசாயியின் காலிலும் அங்கவடி இருந்தால் சந்தேகப்படுங்கள். 970இல் ஒரு டேனிஷ் பிரபுவுக்கு இல்லாவிட்டாலும் சந்தேகப்படுங்கள். குதிமுள்ளில் சுழலும் பல்சக்கரம் இருந்தால் எந்த ஆண்டானாலும் தவறு. அது 13ஆம் நூற்றாண்டை ஒட்டி வந்தது. அவர்களுடையது ஒற்றை முள்.

கொம்பு வைத்த தலைக்கவசத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன்; கேட்பார்கள் என்பதால் ஒரு வரி. 1943இல் நார்வேயின் யெர்முன்ட்பு பண்ணையில் கிடைத்த கவசத்தில் கொம்பு இல்லை.

கப்பலில் குதிரை

ஒரு படத்துக்கு ஒரே ஒரு காட்சியைத்தான் சோதிக்க நேரம் இருக்கிறது என்றால் குதிரை கப்பலில் இருக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: குதிரை எங்கே நிற்கிறது? கீழ்த்தளத்தில், விளக்கொளியில், கட்டைத் தடுப்புக்குள் நின்றால் அது வைக்கிங் கப்பலே இல்லை. அந்தக் கப்பல்களுக்குக் கீழ்த்தளம் கிடையாது. மேலே வானம், சுற்றிலும் உப்புத்தண்ணீர். டென்மார்க்கின் ரோஸ்கில்டே குடாவில் ஸ்குல்டெலெவ் அருகே 1962இல் கடலடியிலிருந்து எடுத்த ஐந்து கப்பல்களில் இரண்டைப் பாருங்கள். ஒன்று போர்க்கப்பல்: 1042இல் டப்ளினில் கட்டியது, கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளம், ஒடுங்கியது, பக்கப்பலகை தாழ்ந்தது. இன்னொன்று சரக்குக் கப்பல்: 16 மீட்டர்தான், ஆனால் வயிறு அகலம், 24 டன் வரை ஏற்றலாம், ஆறேழு பேர் ஓட்டலாம். பெருங்கடல் தாண்டி ஐஸ்லாந்துக்கு மாடும் குதிரையும் போனது இந்த இரண்டாவது வகையில். நடுவில் திறந்திருக்கும் பள்ளத்தில் அவை நிற்கும். துடுப்பு வீரர்கள் வரிசையாக உட்கார்ந்த நீளக் கப்பலில் இருபது குதிரையோடு வட அட்லாண்டிக்கைக் கடக்கிற காட்சி வந்தால், அந்தக் குதிரைகள் எங்கே நின்றன என்று கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி தண்ணீர். ஐஸ்லாந்தின் பழைய குடியேற்ற நூல், நார்வேயின் ஸ்டாட் முனையிலிருந்து ஐஸ்லாந்தின் கிழக்குக் கரைக்கு ஏழு நாள் ஓட்டம் என்கிறது. சின்னக் குதிரை, குளிர்ப் பிரதேசம், வேலை இல்லை என்று வைத்தாலும் நாளைக்கு 20 லிட்டர் என்று கணக்குப் போட வேண்டும். நான்கு குதிரைக்கு ஏழு நாளில் 560 லிட்டர். உலர்ந்த புல் நாளைக்கு ஏழு கிலோ என்றால் கிட்டத்தட்ட 200 கிலோ. காற்று எதிராக அடித்தால் இன்னும் கூடும். திரையில் பீப்பாய் எங்கே, புல்கட்டு எங்கே, சாணத்தை அள்ளி எறிகிற ஆள் எங்கே? இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் மதிப்பெண் கொடுங்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது என்பதையும் நினைவில் வையுங்கள். வயிறு கெட்டால் அது உள்ளேயே வளர்ந்து உயிருக்கு வந்துவிடும். கடலில் குதிரை காப்பாற்றியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. எந்தப் படமும் அவர்களுக்கு ஒரு வசனம்கூடக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

தமிழ் வாசகருக்கு இது புதுச் செய்தி இல்லை. புகார்த் துறைமுகத்தில் கடல்வழி வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பாடுகிறது. பாண்டிய நாட்டுக்கு 13ஆம் நூற்றாண்டில் அரபுத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வந்ததாக மார்க்கோ போலோ சொல்கிறார். வந்தவை சரியான கவனிப்பில்லாமல் செத்தன என்றும், திரும்பத் திரும்ப விற்க வேண்டும் என்பதற்காக லாடக்காரர்களை அந்த வணிகர்கள் அங்கே போகவிடவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

மூன்றாவது கேள்வி இறங்குவது. இந்தக் கப்பல்களுக்கு அடியில் ஆழம் குறைவு. மணலில் நேராக ஏற்றிவிடலாம். 1066 படையெடுப்பைச் சித்திரமாகத் தைத்த, 70 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பேயூ துணியில் குதிரைகள் கப்பலில் வருவதும் கரையில் பக்கப்பலகையைத் தாண்டி இறங்குவதும் இருக்கிறது. அங்கே பாரந்தூக்கி இல்லை. வந்தவர்கள் நார்மன்கள், வட நாட்டாரின் வழித்தோன்றல்கள். கப்பல் கட்டும் முறை அதே முறை. 1960களில் டென்மார்க்கில் லாட்பி என்ற இடத்தில் கிடைத்த வைக்கிங் கப்பலின் நகலைக் கட்டி, அதில் குதிரைகளை ஏற்றி இறக்கியும் பார்த்திருக்கிறார்கள்; முடிந்தது. ஆகவே குதிரை தாண்டிக் குதித்து ஆழம் குறைந்த நீரில் இறங்கும் காட்சியைக் கண்டு சிரிக்க வேண்டாம்.

ஆனால் இறங்கிய அடுத்த நிமிடம் அதில் ஏறி மலை மேல் பாய்ந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாள்கணக்கில் ஆடிய பலகையில் காலை ஊன்றிச் சமாளித்த குதிரையின் தசை களைத்திருக்கும். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும் குதிரையையே நாங்கள் சில நாள் கையில் பிடித்துத்தான் நடத்துகிறோம்.

நான்காவது கேள்வி: கொண்டுவந்தார்களா, பிடித்தார்களா? இரண்டும் நடந்தது. 892இல் பிரான்ஸ் பக்கத்து பூலோனிலிருந்து சுமார் 250 கப்பலில் ஒரு படை குதிரைகளோடு ஒரே கடவையில் இங்கிலாந்து வந்தது. அது குறுகிய கடல். வட கடலைத் தாண்டிக் கொண்டுவந்தார்களா என்பதற்கு 2023இல் நல்ல சாட்சி கிடைத்தது. டெர்பிஷயரில் ஹீத் வுட் என்ற மேட்டுக் கல்லறையில் எரிந்த எலும்புகளின் ஸ்ட்ரான்ஷியத்தைச் சோதித்தார்கள்; எந்த மண்ணில் வளர்ந்த உடம்பு என்று காட்டிக்கொடுக்கும் தனிமம் அது. அங்கே எரியூட்டப்பட்ட ஒரு மனிதரும் ஒரு குதிரையும் ஒரு நாயும் ஸ்காண்டிநேவியப் பாறைநிலம் சார்ந்த பகுதியிலிருந்து வந்தவை. வந்து கொஞ்ச நாளிலேயே இறந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் தன் குதிரையையும் நாயையும் விட்டுவர மனமில்லாமல் கப்பலில் ஏற்றியிருக்கிறார். இதை விடப் பெரிய திரைக்கதை எனக்குத் தெரியவில்லை.

சண்டை

குதிரையில் பாய்ந்து ஈட்டியால் குத்துவது பெரும்பாலும் இல்லை. குதிரையில் போனார்கள்; இறங்கினார்கள்; கேடயம் கோத்து நின்று சண்டையிட்டார்கள். எதிர்ப்பக்கமும் அப்படித்தான்: 991இல் மால்டன் சண்டையைப் பாடும் ஆங்கிலக் கவிதை, தலைவன் தன் ஆட்களைக் குதிரைகளை விரட்டிவிட்டு முன்னே நடக்கச் சொல்வதில்தான் தொடங்குகிறது. சண்டைக்காட்சி வரும்போது குதிரைகள் எங்கே என்று தேடுங்கள். பின்னால் மரத்தடியில் இரண்டு பையன்கள் பிடித்துக்கொண்டு நின்றால் அந்த இயக்குநர் விஷயம் தெரிந்தவர். விதிவிலக்கு நார்மண்டி: 911இல் அங்கே குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் 1066இல் குதிரை மேலிருந்தே சண்டையிட்டார்கள்.

பெண் குதிரையேறி வருவதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். பிர்காவில் 1878இல் தோண்டிய ஓர் ஆயுதக் கல்லறையில் இரண்டு குதிரைகள் இருந்தன. அங்கே கிடந்தவர் பெண் என்று 2017இல் மரபணு சொன்னது.

சாவும் சாப்பாடும்

இதைப் படங்கள் ஒளிக்கின்றன. குழந்தைகளோடு பார்ப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 834இல் நார்வேயின் ஒசெபெர்க்கில் ஒரு கப்பலுக்குள் வைத்து இரண்டு பெண்களை அடக்கம் செய்தபோது 15 குதிரைகளைக் கொன்று உடன் வைத்தார்கள். அதே மாதிரி அடக்கம் செய்த கோக்ஸ்டாட் கப்பலில் 12. அந்த கோக்ஸ்டாட் கப்பலில் இரண்டு மயில்களும் இருந்தன. நம் பக்கத்துப் பறவை நார்வே மண்ணில் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று நினைத்தால் அந்த மக்களின் வணிகம் எவ்வளவு தூரம் நீண்டது என்பது பிடிபடும். 922இல் வோல்கா ஆற்றங்கரையில் ஒரு தலைவனின் இறுதிச்சடங்கைக் கண்ட அரபுப் பயணி இப்னு பத்லான், இரண்டு குதிரைகளை வியர்க்கும்வரை ஓடவிட்டு, வெட்டிக் கப்பலில் போட்டதை எழுதியிருக்கிறார். கப்பலை எரித்தது கரையில். கடலில் மிதக்கவிட்டு எரியம்பு எய்வதை அவர் சொல்லவில்லை.

குதிரை இறைச்சியும் உண்டார்கள். 732இல் போப் மூன்றாம் கிரிகோரி அதைத் தடுக்கச் சொல்லி எழுதினார். ஐஸ்லாந்து 1000ஆம் ஆண்டையொட்டி கிறிஸ்தவத்தை ஏற்றபோது, குதிரைக்கறி மட்டும் சிறிது காலம் இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு இது கஷ்டமான செய்திதான். ஆனாலும் விருந்துக் காட்சியில் பன்றி மட்டும் சுட்டுக் காட்டுவது முழு உண்மை இல்லை.

எதை விட்டுவிடலாம்

குதிரை விழுகிற காட்சி நிஜமாகத் தெரியவில்லை என்று குறை எழுதாதீர்கள். பழைய காலத்தில் காலில் கம்பி கட்டி இழுத்து விழவைத்தார்கள்; கழுத்து முறிந்து செத்தவை உண்டு. பிரிட்டனில் 1937இலேயே விலங்கை வதைத்து எடுத்த படத்தைத் தடுக்கச் சட்டம் வந்தது. பழக்கிய குதிரை மெத்தென்ற மண்ணில் மெதுவாகச் சாய்வது போலத் தெரிந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

இனத்தையும் கொஞ்சம் தாராளமாகப் பாருங்கள். நார்வேயின் பியோர்ட் குதிரை, பழுப்பு மஞ்சள் உடம்பு, நடுவில் கறுத்த பிடரி, 140ஐ ஒட்டிய உயரம். அதை நிறுத்தினால் குறை சொல்ல மாட்டேன். ஐஸ்லாந்துக் குதிரையையே எல்லாப் படத்திலும் கேட்பதும் நடவாது. ஐஸ்லாந்துக்குள் வெளிக்குதிரை வரக் கூடாது என்பது பத்தாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே தொடர்வதாக அவர்கள் சொல்லும் சட்டம். ஒருமுறை வெளியே போன அவர்கள் குதிரையும் திரும்பி வர முடியாது. அதனால் அங்கே போய்ப் படம் எடுப்பவர் உள்ளூர்க் குதிரையில்தான் நடிகரை ஏற்ற வேண்டும். உயரமும் நடையும் தானாகச் சரியாகிவிடும். கடைசி எழுத்துப்பட்டியலில் எங்கே எடுத்தது என்று பாருங்கள். வேறு நாடு என்றால் அக்குள் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.